உபயம்

தேதி அறிவித்த ராத்திரியே
பசை வாளியோடு கிளம்பிவிட்டோம்
நானும், வீடியோ எடுக்கிற தாவீதும்,
மண்டல அலுவலகத்து ஜெயசுதா மேடமும்.
விடிவதற்குள்
வட்டம் முழுக்கப் பேர் இருக்கக் கூடாது.

நிழற்குடையில் ஒரு பேர்.
தண்ணீர்த் தொட்டியில் ஒன்று, அதன் கீழே அவர் அப்பா பேர்.
மாதா கெபியின் டைல்ஸில்
‘அன்பளிப்பு’ என்று தொடங்கி நாலு வரி.
தர்கா குழாயடியில் மூன்று கட்சி.
எல்லாவற்றுக்கும் பழைய நியூஸ் பேப்பர்.
ஒட்டிய பேப்பரில் அதே முகம் சிரித்தது.
திருப்பி ஒட்டச் சொன்னார் மேடம்.
பின்பக்கம் இன்னொரு முகம்.
கடைசியில்
வரி விளம்பரப் பக்கமாகப் பொறுக்கி எடுத்தேன்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டி இருப்பதால்
அவள் கேட்டம்மன்.
கேட்டதைக் கொடுப்பதால் என்பது
பூசாரி எத்திராஜின் கட்சி.
சரக்கு வண்டி போகும்போது
மூக்குத்தி மட்டும் தனியாக ஆடும்.

கதவில் உபயம். மணியில் உபயம்.
சூலத்தின் நடுமுனையில்கூடப் பொடி எழுத்தில்.
தலைக்கு மேல் டியூப்லைட்டில்
வெளிச்சத்துக்கு இடம் விடாமல்
வட்டச் செயலாளர், அவர் மனைவி, குடும்பத்தார்.

“மூடு” என்றார் மேடம்.
“மூடினா ஆத்தா மூஞ்சி எப்டிம்மா தெரியும்?”
குடத்தோடு நின்ற சம்பூர்ணம் அக்கா கேட்டாள்.
“விதி” என்றார் மேடம்.
எந்த விதி என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் புடவை.
அன்றைக்கு ஆத்தாவின் உடலும் கரையும் சேர்ந்தால்
ஒரு கொடி.
மேடம் நெடுநேரம் பார்த்தார்.
தாவீது கேமராவைத் தாழ்த்தினான்.
எத்திராஜ் திரை போட்டு
வெறும் மஞ்சள் கட்டித் திறந்தார்.
மஞ்சளும் யாருக்கோ ஆகும் என்று முணுமுணுத்தார் மேடம்,
எழுதிக்கொள்ளவில்லை.

நான் ஏணியில் ஏறினேன். முழுக்கைச் சட்டை.
முழங்கைக்குக் கீழே இருபது வருஷத்துப் பச்சை:
ஒரு சின்னம்.
அதன்மேல் பேப்பர் ஒட்ட
யாரும் சொல்லவில்லை.

டியூப்லைட்டை மூடியதும்
சன்னதி இருண்டது.
பேர் எழுதாத அகல் ஒன்று
எரிந்துகொண்டிருந்தது தெரிந்தது.
அவளுக்கு இடது கண் சற்றுச் சின்னது.
இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

ஓட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை
அதே அகல்.
நோட்டுப் புத்தகம் ஒன்று, துணிப்பை ஒன்று.
வீட்டில் எத்தனை ஓட்டு என்று கேட்டு
எண்ணிக் கொடுத்துவிட்டு
உள்ளங்கையில் கற்பூரம் வைத்தார்கள்.
“ஆத்தா மேல சத்தியம் பண்ணு.”
பண்ணினேன்.
சனிக்கிழமை இன்னொரு பை. கற்பூரம் அதே கடையில் வாங்கியது.
பண்ணினேன்.
சம்பூர்ணம் அக்கா வாங்கவில்லை என்றார்கள்.
வாங்கினாள் என்றும் சொன்னார்கள்.
என் மனைவி பியூலா
“உன் சாமிதானே, நீயே பேசிக்கோ” என்று சொல்லி
ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு
பருப்பு வாங்கப் போனாள்.

பேரை மூட ஆள் போட்டவர்கள்
சாட்சியை மூடவில்லை.

மெஷினுக்கு முன்னால் நின்றபோது
கற்பூரம் சுட்ட இடம் அரித்தது.
இரண்டு சத்தியம், ஒரு பொத்தான்.
எதை அழுத்தினேன் என்று
இதில் எழுதப் போவதில்லை.

எண்ணி முடித்த மறுவாரம்
ஒட்டியதைப் பிரிக்கப் போனேன், அதே தினக்கூலிக்கு.
நல்ல பசை. உரித்தபோது
பேரும் கூடவே வந்துவிட்டது.
‘உபயம்’ மட்டும் நின்றது, கோணலாக.
ஜெயித்தவரின் ஆட்கள்
புது டியூப்லைட்டோடு வாசலில் நின்றார்கள்.
“சீக்கிரம் எறங்குண்ணே.”

கேட் சாத்தியிருந்தது.
மணலிப் பக்கம் போகும் டேங்கர் வண்டி,
எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டேன்.
மூக்குத்தி ஆடியது.
ஏணியைப் பிடித்திருந்த விரலில்
மை பாதி நகம் ஏறியிருந்தது.